குறிப்பெழுதிய புகைப்படங்களால் அறிவியல் செய்முறையைப் பதிவு செய்வது எப்படி?

ஒளிச்சேர்க்கைக்கு ஒளி தேவை என்பதைக் காட்டும் ஸ்டார்ச் சோதனையில், பச்சையம் நீங்கி வெளிறிய இலை, அயோடின் கரைசல் பட்ட சில நிமிடங்களில் கருநீலமாகிவிடுகிறது. அதை மாணவர்கள் வரைந்து வண்ணம் தீட்டி முடிப்பதற்குள் பாடவேளையே முடிந்துவிடும். கைபேசியில் படம் எடுத்து, அதன்மேல் அவர்களே குறிப்பெழுதினால், இலையை உற்றுப் பார்க்க நேரம் கிடைக்கும்.

எந்தெந்த நிலைகளைப் படம் எடுப்பது என்பதை முந்தைய நாளே முடிவு செய்யுங்கள். இருட்டில் வைத்திருந்த தொட்டிச்செடியின் இலையில் கறுப்புத்தாள் பொருத்திய நிலை, வெயிலில் வைத்தபின் தாளை நீக்கிய நிலை, ஆல்கஹாலில் வெளிறிய நிலை, அயோடின் இட்ட நிலை என 4 படங்கள் போதும். ஆல்கஹால் எளிதில் தீப்பற்றும். ஆகவே அதை நேரடியாகச் சுடரில் காட்டாமல், சுடுநீர் உள்ள பீக்கருக்குள் வைத்தே சூடாக்க வேண்டும். அந்த வேளையில் யார் கையிலும் கைபேசி இருக்கக் கூடாது.

படம் எடுக்கும்போது இலையை வெள்ளைத்தாளில் விரித்து, பக்கத்தில் அளவுகோலையும், குழு எண்ணும் நேரமும் எழுதிய துண்டுச்சீட்டையும் வையுங்கள். ஈர இலையில் ஃபிளாஷ் பட்டால் பளபளப்பு நிறத்தை மறைத்துவிடும் என்பதால், அதை அணைத்துவிட்டு, சன்னலோர வெளிச்சத்தில் நேர் மேலிருந்து எடுங்கள்.

அடுத்து, 4 படங்களையும் ஒரே ஏ4 தாளில், இருபுறமும் எழுத இடம் விட்டு அச்சிட்டுக் கொடுங்கள். கறுப்பு வெள்ளை அச்சு என்றால், நிறங்களைச் செய்முறையின்போதே குறித்துவைக்கச் சொல்ல வேண்டும். குறிப்புக்கோடுகள் அளவுகோல் கொண்டு, ஒன்றையொன்று வெட்டாமல் வரையப்பட வேண்டும்.

தொடக்கத்தில் பெரும்பாலோர் “நீல நிறம்” என்று மட்டும் எழுதுவார்கள். அது வெறும் பெயர்தான். “எதனால்?” என்று கேட்டுக் காத்திருங்கள். “தாள் மறைக்காத இடம் கருநீலம், ஒளி பட்டதால் இங்கே ஸ்டார்ச் உருவாகியிருக்கிறது. மறைத்த இடம் பழுப்பு மஞ்சள், இங்கே ஸ்டார்ச் இல்லை” என்று எழுதும்போதுதான் அந்தப் படம் பதிவாகிறது. பாகங்களை வரைந்து பழகுவதற்கு இது மாற்று அன்று. அந்தப் பயிற்சி தனியே தொடர வேண்டும்.

தாளின் விளிம்பு சரியாகப் படியாத இலையில், மறைத்த பகுதிக்குள்ளும் நீலம் சற்றுப் பரவியிருக்கும். அந்தப் படத்தை ஒதுக்கிவிடாதீர்கள். நீலம் எத்தனை மில்லிமீட்டர் உள்ளே வந்திருக்கிறது என்பதைப் படத்திலுள்ள அளவுகோலைப் பார்த்துக் கணக்கிட்டு, ஒளி எந்தப் பக்கமாக நுழைந்திருக்கும் என்பதையும் அந்த ஓரத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.