யூசியில் வந்து முட்டும் தவறுகள்: சென்னையில் சுகாதாரத் திட்டத்துக்கு நிதி கேட்பவர்களுக்கு

வியாசர்பாடியில் சர்க்கரை, பிரஷர் பரிசோதனை. காசிமேட்டில் மீன் விற்கும் பெண்களுக்கு ரத்தசோகைத் திட்டம். கண்ணகி நகரில் வளரிளம் பெண்களுக்கு மனநல ஆலோசனை. நோக்கத்தில் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனாலும் விண்ணப்பம் திரும்பி வருகிறது. அதைவிட மோசம், பணம் வந்து சேர்ந்து, வருடக் கடைசியில் கணக்கு முட்டி நிற்பது. இந்தத் தவறுகளுக்கெல்லாம் பெரும்பாலும் வேர் ஒன்றுதான். பணம் கேட்கும் நாளை நினைத்து எழுதுகிறார்கள், கணக்கு ஒப்படைக்கும் நாளை நினைப்பதில்லை. பணம் சொன்னபடி செலவானது என்று காட்டும், யூசி என்று எல்லோரும் சொல்கிற பயன்பாட்டுச் சான்றிதழில் ஆடிட்டர் எதையெல்லாம் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார் என்பதிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி எழுதுங்கள்.

முன்மொழிவுக்கு முன்பே தோற்பது

கம்பெனிகள் சட்டப்படி சமூகப் பணிக்கு ஒதுக்கும் சிஎஸ்ஆர் பணம்தான் சென்னையில் பல அமைப்புகள் முதலில் கதவு தட்டும் இடம். 2021 ஏப்ரல் 1 முதல், அந்தப் பணத்தில் வேலை செய்யும் அமைப்பு கம்பெனி விவகார அமைச்சகத்தில் சிஎஸ்ஆர்-1 படிவம் போட்டுப் பதிவெண் வாங்கியிருக்க வேண்டும். அந்தப் படிவத்துக்கு டிஜிட்டல் கையெழுத்து வேண்டும், ஆடிட்டரோ கம்பெனி செயலரோ சான்றளிக்கவும் வேண்டும். அமைப்புக்கு வரிவிலக்கு தரும் 12ஏ, நன்கொடையாளருக்கு வரிச்சலுகை தரும் 80ஜி, இரண்டு பதிவும் நடப்பில் இருக்க வேண்டும். (புதிய வருமான வரிச் சட்டம் வந்து பிரிவு எண்கள் மாறினாலும் வாய்ப்பேச்சில் இன்னும் பழைய பெயர்தான்.) தற்காலிகப் பதிவு 3 ஆண்டுக்குத்தான் என்பதை மறந்துவிட்டு, நிதி கைக்கு வரும் நேரத்தில் சான்றிதழ் காலாவதியாகிக் கிடப்பது சகஜம்.

இதைவிட நுட்பமான பொறி ஒன்று உண்டு. கம்பெனியோ அரசோ தொடங்காத அமைப்பு என்றால், இதே மாதிரி வேலையில் 3 ஆண்டு அனுபவம் காட்ட வேண்டும். மூன்று வருடம் மாலை நேர டியூஷன் நடத்திய டிரஸ்ட், அந்த அனுபவத்தை வைத்து மருத்துவ முகாமுக்குக் கேட்டால் அது ‘இதே மாதிரி வேலை’ ஆகாது. அமைப்பைத் தொடங்கிய பத்திரமான டிரஸ்ட் டீடையும் எடுத்துப் பாருங்கள். நோக்கங்களில் கல்வி மட்டும் இருந்து மருத்துவம் இல்லாவிட்டால், மற்றதெல்லாம் சரியாக இருந்தும் அங்கேயே நின்றுவிடும். டீடில் ‘அறக்கட்டளை’, பான் கார்டில் ‘டிரஸ்ட்’, வங்கிக் கணக்கில் இரண்டும் இல்லாமல் வெறும் பெயர் என்று மூன்று விதமாக இருப்பதும் அப்படித்தான். விண்ணப்பத்துக்குப் பிறகு இதைத் திருத்தப் போனால் மாதக்கணக்கில் இழுக்கும்.

வெளிநாட்டுப் பணத்தில் குழப்பம் இன்னும் அதிகம். அமெரிக்காவில் இருக்கும் ஒன்றுவிட்ட அண்ணன் முகாமுக்கு ஒரு லட்சம் அனுப்பினால் எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப் பதிவு வேண்டுமா? அவர் கையில் இருப்பது எந்த நாட்டு பாஸ்போர்ட் என்பதைப் பொறுத்தது. இந்தியக் குடிமகனாகவே இருந்து சொந்தச் சம்பாத்தியத்தை அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை இல்லை. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டார் என்றால், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ கார்டு வைத்திருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடைதான். எஃப்சிஆர்ஏ பதிவு இல்லாமல் தொடவே கூடாது. பதிவு இருந்தால் பணம் முதலில் வந்து விழ வேண்டியது டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் உள்ள கணக்கில். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணத்தை இன்னொரு அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்க முடியாது, நிர்வாகச் செலவும் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ‘பெரிய என்ஜிஓ வாங்கி நமக்கு ஒரு பங்கு தரும்’ என்று போடும் திட்டமெல்லாம் இங்கே அடிபட்டுப் போகும்.

‘வெல்னெஸ்’ என்ற சொல்

சிஎஸ்ஆர் பணத்தை எதற்குச் செலவிடலாம் என்று சொல்லும் கம்பெனிச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில், சுகாதாரத்துக்கு என்று இருப்பது மருத்துவ நலமும் நோய்த்தடுப்பும். ‘வெல்னெஸ்’ என்ற சொல் அதில் இல்லை. மெரினாவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாக்கத்தான், டி-ஷர்ட், மேடை, பேனர் என்று எழுதினால் அது விளம்பரச் செலவாகத்தான் படும். மாரத்தான் போன்ற ஒருநாள் நிகழ்ச்சிகள் சிஎஸ்ஆர் ஆகாது என்று அமைச்சகம் 2014 ஜூன் சுற்றறிக்கையிலேயே சொல்லிவிட்டது. அதே நடைப்பயிற்சியை, ஒரு வார்டில் பிரஷர் உள்ள 100 பேர், வாரம் 5 நாள், மாதம் ஒருமுறை அளவீடு, 10 மாதம் என்று எழுதினால் அது நோய்த்தடுப்புத் திட்டம். கம்பெனி ஊழியர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் மட்டும் நடத்தும் யோகா வகுப்பும் சிஎஸ்ஆரில் சேராது. எச்ஆர் மேலாளரே கேட்டாலும் சரி.

அரசு ஏற்கெனவே கொடுப்பதற்கே நிதி கேட்பது இன்னொன்று. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டிலிருந்து சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறது. ‘ஏழைகளுக்கு இலவச மாத்திரை’ என்று எழுதினால், படிப்பவர் முதலில் கேட்பது அதைத்தான். இடைவெளி எங்கே என்று காட்டுங்கள். காலை 5 மணிக்கு வேலைக்குப் போய்விடும் தூய்மைப் பணியாளர் பகலில் வீட்டில் இருப்பதில்லை, அட்டை போட்டும் மூன்றாவது மாதம் மாத்திரையை நிறுத்திவிடுகிறார், வேறு வார்டுக்குக் குடிபோனவர் பட்டியலிலிருந்து விழுந்துவிடுகிறார். இது உங்கள் தெருவில் உண்மையா என்று தெரிய 60 வீடு ஏறி இறங்கினால் போதும். முன்மொழிவின் முதல் பக்கத்தை இந்தியா முழுவதற்குமான புள்ளிவிவரத்தால் நிரப்புவதைவிட, அந்த 60 வீட்டு அட்டவணை பத்து மடங்கு பேசும்.

பட்ஜெட்டில் காணாமல் போகும் ஸ்டிரிப்

600 பேருக்குச் சர்க்கரைப் பரிசோதனை, அதில் அளவு கூடியவர்களுக்கு 10 மாதத் தொடர் கவனிப்பு என்று ஒரு திட்டம். பட்ஜெட்டில் ‘ஸ்டிரிப் 600’ என்று இருக்கும். கணக்கைப் போட்டுப் பாருங்கள். 150 பேர் தொடர் கவனிப்புக்கு வருகிறார்கள் என்று வைத்துக்கொண்டால், மாதம் ஒன்று வீதம் 10 மாதத்துக்கு 1500. முதல் சுற்று 600 சேர்த்தால் 2100. ரத்தம் போதாமல் ‘எர்ரர்’ காட்டுவது, கட்டுப்பாட்டுக் கரைசலால் மீட்டரைச் சரிபார்ப்பது, இதற்கெல்லாம் 10 சதவீதம் என்றால் 2310. 50 ஸ்டிரிப் உள்ள டப்பாவாக வாங்கினால் 47 டப்பா. விரலில் குத்தும் லான்செட்டும் அதே எண்ணிக்கை. 600 மட்டும் எழுதியவருக்கு முதல் சுற்றோடு ஸ்டிரிப் தீர்ந்துவிடும். பிறகு ‘தொடர் கவனிப்பு’ என்ற பெயரில் விசாரித்துவிட்டு வருவதுதான் நடக்கும்.

47 டப்பாவையும் ஒரே நாளில் வாங்குவதும் தவறு. பல பிராண்டுகளில் திறந்த டப்பாவுக்குச் சில மாதம்தான் ஆயுள். பெரும்பாலான ஸ்டிரிப்புகளை 30 டிகிரிக்குக் கீழே வைக்கச் சொல்லி டப்பாவிலேயே போட்டிருக்கும். சென்னை மே மாதத்தில் தகரக் கூரை அலுவலகம் எந்த அளவில் இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. மூன்று தவணையாக வாங்குவதாக பட்ஜெட்டிலேயே எழுதிவிடுங்கள். பிரஷர் கருவியில் ஒரே அளவுக் கைப்பட்டை போதாது. பருமனான கையில் சிறிய பட்டையைக் கட்டினால் அளவு கூடுதலாகக் காட்டும். பெரிய பட்டைக்குத் தனி வரி போடுங்கள்.

விட்டுப்போகும் இன்னொரு செலவு மருத்துவக் கழிவு. 2016 விதிகள் முகாம்களுக்கும் பொருந்தும். குத்திய லான்செட் துளைக்க முடியாத வெள்ளைக் கலனுக்கு, ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சள் பைக்கு. சுத்திகரிக்காத கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. யார் எடுத்துப் போகிறார்கள், எவ்வளவு கட்டணம் என்று முன்பே பேசி எழுதி வாங்காவிட்டால், அது மாநகராட்சிக் குப்பைத் தொட்டியில்தான் போய் விழும். காலையில் அந்தத் தொட்டியில் கை வைக்கிறவர் நம் திட்டத்தின் பயனாளியாகவே இருக்கலாம்.

ஜிஎஸ்டி இல்லாத விலையை எழுதுவது, நர்ஸ் சம்பளத்தில் முதலாளி பங்கை விடுவது, இரண்டும் சின்னத் தவறுகள்தான், ஆனால் கூட்டினால் பெரிதாகிவிடும். அமைப்பில் 10 பேர் வேலை செய்தால் 21,000 ரூபாய் வரை சம்பளம் உள்ளவர்களுக்கு இஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீட்டில் 3.25 சதவீதம் உங்கள் பங்கு. பொருள் வாங்கும்போது கட்டிய உள்ளீட்டு வரியைத் திரும்ப எடுக்க முடியாத டிரஸ்டுக்கு ஜிஎஸ்டி முழுக்கச் செலவுதான்.

அந்த ‘5 சதவீத நிர்வாகச் செலவு’ விஷயத்தில் கம்பெனிக்காரர்களே தடுமாறுகிறார்கள். விதியில் உள்ள 5 சதவீத உச்சவரம்பு கம்பெனி தன் சிஎஸ்ஆர் துறையை நடத்தும் பொது நிர்வாகச் செலவுக்கு. உங்கள் ஒருங்கிணைப்பாளர் சம்பளத்துக்கும் களப்பணிப் போக்குவரத்துக்கும் அது இல்லை. திட்டத்தை வடிவமைப்பது, நடத்துவது, கண்காணிப்பது எல்லாம் திட்டச் செலவு. பயந்துபோய் மேற்பார்வையாளர் வரியையே அடித்துவிட்டு, பிறகு ஸ்டிரிப் கணக்கிலிருந்து அவருக்குச் சம்பளம் கொடுப்பவர்கள் யூசியில் மாட்டுகிறார்கள்.

எல்லை தெரியாமல் அனுமதி கேட்பது

கண்ணகி நகரும் பெரும்பாக்கமும் பக்கத்துப் பக்கத்தில், இரண்டும் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியக் குடியிருப்புகள். ஆனால் கண்ணகி நகர் மாநகராட்சியின் சோழிங்கநல்லூர் மண்டலம், பெரும்பாக்கம் செங்கல்பட்டு மாவட்டம். மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகையிலிருந்து மாநகர நல அலுவலரின் கடிதம் வாங்கிவிட்டு ‘இரண்டு இடத்திலும் முகாம்’ என்று எழுதினால், பாதித் திட்டத்துக்கு அனுமதியே இல்லை. மாநகராட்சிக்குள் என்றால் மண்டல நல அலுவலரையும் அந்தந்த நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரையும் முதலிலேயே பாருங்கள். அளவு கூடிய நோயாளியை அங்கேதானே அனுப்பப் போகிறீர்கள்? ‘பரிந்துரைக்கப்பட்டார்’ என்று எழுதுவது எளிது. அங்கே அட்டை போட்டு மாத்திரை வாங்கினாரா என்று இரண்டு வாரத்தில் சரிபார்க்க ஆள் இருக்கிறாரா என்றுதான் நிதி தருபவர் கேட்பார்.

கால அட்டவணையில் அக்டோபர் முதல் டிசம்பர் நடுப்பகுதி வரை திறந்தவெளி முகாம் வைக்காதீர்கள். வடகிழக்குப் பருவமழை எந்த ஒப்பந்தத்துக்கும் கட்டுப்படாது.

மார்ச் பணம்

பிப்ரவரி, மார்ச்சில் திடீரென்று போன் வரும். ‘15 லட்சம் இருக்கிறது, 31-க்குள் யூசி வேண்டும்.’ மறுக்க மனம் வராது. ஆனால் கம்பெனி உங்கள் கணக்குக்குப் பணத்தை அனுப்பியது மட்டும் ‘செலவு’ ஆகாது, அமைப்பு அதை முழுக்கப் பயன்படுத்தினால்தான் ஆகும் என்று அமைச்சகம் 2021-ல் விளக்கியிருக்கிறது. மே மாதம் நடக்கப்போகும் முகாமுக்கு மார்ச் 31 தேதியில் யூசி கொடுத்தால் அது பொய்ச் சான்றிதழ். கையெழுத்து உங்களுடையது.

கம்பெனியிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று. இதைப் பல ஆண்டுத் தொடர் திட்டமாக உங்கள் போர்டு தீர்மானம் போட்டிருக்கிறதா? போட்டிருந்தால், மீதிப் பணம் ஏப்ரல் 30-க்குள் கம்பெனியின் தனிக் கணக்குக்குப் போய், அடுத்த மூன்று நிதியாண்டுக்குள் செலவாகலாம். போடாவிட்டால் செப்டம்பருக்குள் அரசு குறிப்பிட்ட நிதியங்களுக்குப் போய்விடும், உங்களுக்கு இல்லை. நிதானமாகக் கேட்கச் சரியான காலம் டிசம்பர், ஜனவரி. அப்போதுதான் அடுத்த ஆண்டுக்கான செயல்திட்டம் தயாராகும்.

ஒப்பந்தத்தில் ‘சேவைக் கட்டணம்’ என்ற சொல் எங்காவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் டிடிஎஸ் என்று முன்கூட்டியே வரி பிடித்துக்கொண்டுதான் பணம் வரும், ஜிஎஸ்டி கேள்வியும் கூடவே வரும். நன்கொடை என்றால் நன்கொடை என்றே இருக்கட்டும்.

பில்லும் பதிவேடும்

ஒப்பந்தத் தேதிக்கு முந்தைய பில் செல்லாது. ஷாமியானாக்காரருக்கும் சாப்பாட்டுக்காரருக்கும் ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வரிக் கணக்கில் அது டிரஸ்டின் செலவாக ஏற்கப்படாது. வந்தவர்கள் பதிவேட்டில் 80 கையெழுத்தும் ஒரே பேனா, ஒரே சாய்வு என்றால் ஆடிட்டர் சந்தேகப்பட அது போதும். கைநாட்டு வைக்கிறவர் பெயரை எழுதியவர் யார் என்று பக்கத்திலேயே குறியுங்கள்.

புகைப்படத்தில் பேனரும் கூட்டமும் தெரியட்டும், காசநோய்க்கு வந்தவர் முகம் தெரிய வேண்டாம். பெயர், போன் எண், சர்க்கரை அளவு மூன்றும் சேர்ந்த எக்ஸெல் கோப்பைக் கம்பெனிக்கு மெயிலில் அனுப்புவது வழக்கமாகிவிட்டது. 2023 தனிநபர் தரவுச் சட்டம் வந்த பிறகு இதைத் தொடர்வது வம்பு. எண்ணிக்கையும் வயதுப் பிரிவும் போதும், பெயர்ப் பட்டியல் உங்கள் பீரோவில் இருக்கட்டும்.

நவம்பரிலேயே செலவை பட்ஜெட்டோடு வரி வரியாக ஒப்பிட்டுப் பாருங்கள். போக்குவரத்தில் மிச்சம், ஸ்டிரிப்பில் பற்றாக்குறை என்றால் டிசம்பருக்குள் எழுத்தில் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். போனில் ‘பரவாயில்லை சார், பண்ணிக்குங்க’ என்று சொன்னவர் ஏப்ரலில் வேறு துறைக்கு மாறியிருப்பார்.