ரூக்கி கார்டு வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

விளையாட்டு வீரர்களின் படம் அச்சிட்ட சேகரிப்பு அட்டைகளில், ஒரு வீரரின் அறிமுகக் காலத்துக்குரியதுதான் ரூக்கி கார்டு. மூலை மடங்கியிருக்கிறதா, கீறல் விழுந்திருக்கிறதா என்று புதியவர்களும் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். கையில் இருப்பது ரூக்கி கார்டுதானா என்பதில்தான் பணத்தை விடுகிறார்கள்.

முதல் கார்டு என்றாலே ரூக்கி என்று நம்புவது

பேஸ்பாலில் மைக் டிரௌட்டை 2009-இல் ஏஞ்சல்ஸ் அணி தேர்வு செய்தது. அந்த ஆண்டே போமன் குரோம் என்ற கார்டுத் தொகுப்பில் அவர் கார்டு வந்துவிட்டது. ஆனால் உயர்மட்டத் தொடரான மேஜர் லீகில் அவர் களமிறங்கியது 2011 ஜூலையில். அவருடைய பெயர்பெற்ற ரூக்கி கார்டு 2011 டாப்ஸ் அப்டேட் தொகுப்பில் வந்தது, எண் யூஎஸ்175. 2009-இல் வந்தது ப்ராஸ்பெக்ட் கார்டு, அதாவது இன்னும் மேஜர் லீகை எட்டாத இளம் வீரரின் கார்டு.

இந்தப் பிரிவினை 2006-இல் வந்தது. மேஜர் லீகை எட்டாதவர்களை முதன்மைத் தொகுப்பில் சேர்க்கக் கூடாது என்று வீரர்கள் சங்கம் விதி செய்தது. ரூக்கி கார்டு என்று காட்டும் ஆர்சி (RC) லோகோவும் அப்போதுதான் பிறந்தது. போமன் இளம் வீரர்களைத் தனி எண்வரிசைக்கு மாற்றியது. 2006-க்கு முன்பு கீழ்மட்டமான மைனர் லீக் வீரரின் போமன் பேஸ் கார்டே (முதன்மைத் தொகுப்பின் சாதாரணக் கார்டு) ரூக்கியாக எண்ணப்பட்டது. பழைய கணக்கைப் புதிய கார்டுக்குப் போட்டால் தப்பாகிவிடும்.

ப்ராஸ்பெக்ட் கார்டு மட்டமானது என்று பொருளல்ல. ஒரே ஒரு பிரதி மட்டும் உள்ள டிரௌட்டின் 2009 கையெழுத்து சூப்பர்ஃப்ராக்டர் 2020-இல் 39 லட்சம் டாலருக்கு மேல் விலைபோனது. அந்த விலையைச் சொல்லிக் கையெழுத்தில்லாத சாதாரண ப்ராஸ்பெக்ட் கார்டை 'ரூக்கி' என்று தலையில் கட்டுகிறார்களே, அதைப் பார்த்தால் இன்றும் ஆத்திரம் வருகிறது.

வீரர் அறிமுகமான ஆண்டை முதலில் பாருங்கள். பிறகு கார்டின் முன்பக்கம் லோகோ, பின்பக்கம் எண். எண்ணுக்கு முன்னால் எழுத்துகள் இருந்தால் பெரும்பாலும் தனி வரிசை அல்லது இன்சர்ட், அதாவது முதன்மைத் தொகுப்பைச் சேராத கூடுதல் கார்டு. யூஎஸ்175 விதிவிலக்கு; டாப்ஸ் அப்டேட்டில் முழுத் தொகுப்புக்கும் அதே முன்னெழுத்துதான்.

லோகோ இருந்தால் போதும் என்பது

போதாது. இன்சர்ட்டிலும் லோகோ வரும்.

பழைய கார்டில் லோகோ தேடுவது

கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டானின் 1986-87 ஃப்ளீர் நிறுவனக் கார்டு, 57-ஆம் எண்ணில் லோகோ கிடையாது. அவர் ஆடத் தொடங்கியது 1984-இல். ஸ்டார் நிறுவனத்தின் 101-ஆம் எண் கார்டு முந்தியது. ஆனால் ஸ்டார் கார்டுகள் கடைப் பாக்கெட்டில் வரவில்லை, அணிவாரியாகப் பையிலிட்டு வியாபாரிகள் வழியே விற்கப்பட்டன. அதனால்தான் பலர் ஃப்ளீரையே ரூக்கி என்கிறார்கள். விற்பவர் எதைச் சொல்கிறார் என்று கேட்டு உறுதிசெய்யுங்கள்.

விலையை வைத்து முடிவுகட்டுவது

2022-இல் 1.26 கோடி டாலருக்குப் போன பேஸ்பால் வீரர் மிக்கி மேண்டிலின் 1952 டாப்ஸ் 311 ரூக்கி அல்ல. அவருடைய ரூக்கி, 1951 போமன் 253.

மறுபதிப்பை அசல் என்று நம்புவது

பின்பக்கம் அச்சாகியுள்ள ஆண்டைப் படிக்காமல் பணம் கொடுக்காதீர்கள்.