லண்டனில் வீடு தேடுகிறவர்களுக்கு: வெறுப்புக் குற்றத் தண்டனைக் கணக்கைப் படிப்பது எப்படி

ஹாரோவா, ஈஸ்ட்ஹாமா, குரொய்டனா என்று வீடு பார்க்கிறவர்கள், எந்தப் பரோவில் (உள்ளூராட்சிப் பகுதியில்) இனம், மதம் போன்றவற்றின் மீதான பகையால் நடக்கும் வெறுப்புக் குற்றம் கூட, எங்கே தண்டனை குறைவு என்ற பட்டியலையும் தேடுகிறார்கள். அந்தப் பட்டியலை நம்பி முற்பணம் கட்டாதீர்கள்.

32 பரோக்களிலும் பதிவான குற்றங்களைப் பெருநகரப் பொலிஸ் வெளியிடுகிறது. வழக்கை நடத்தும் அரச வழக்குத்தொடர் சேவையான சி.பி.எஸ். (CPS) தன் கணக்கை லண்டன் வடக்கு, லண்டன் தெற்கு என்று இரண்டாகத்தான் தருகிறது, பரோவாரியாக அல்ல. ஆகவே பரோவுக்கான 'தண்டனை வீதம்' என்று எவராவது பகிர்ந்தால், எதை எதால் வகுத்தார்கள் என்று கேளுங்கள். சி.பி.எஸ். காட்டும் 80 சதவீதத்துக்கு மேலான வீதம், நீதிமன்றம் வரை போன வழக்குகளுக்கு மட்டுமே உரியது. முறைப்பாடு கொடுத்ததோடு நின்றுபோனவை அதில் இல்லவே இல்லை. குற்றம் நடந்த இடத்தை வைத்துத்தான் எண்ணுவார்கள் என்பதால், வெளியாட்கள் திரளும் வெஸ்ட்மின்ஸ்டரின் குற்ற வீதம் குடியிருப்போர் தொகையால் வகுக்கும்போது ஊதிவிடும். எண்ணிக்கை குறைந்த பரோவிலோ, ஆட்கள் பொலிசுக்கே போகாமல் இருந்திருக்கலாம்.

நம்மவர்களின் வழக்குகள் விழுவது வேறோர் இடத்தில். ஸ்டீபன் லாரன்ஸ் என்ற கறுப்பின இளைஞரின் கொலையைப் பொலிஸ் விசாரித்த விதம் பற்றிய 1999 மக்பர்சன் அறிக்கைக்குப் பிறகு, பாதிக்கப்பட்டவருக்கோ பார்த்தவருக்கோ இனவெறுப்பு என்று தோன்றினாலே பொலிஸ் அப்படிப் பதிய வேண்டும். தண்டிக்க அது போதாது. 1998ஆம் ஆண்டின் குற்றம், ஒழுங்கின்மைச் சட்டத்தின் (Crime and Disorder Act) 28ஆம் பிரிவுப்படி, குற்றத்தின்போதோ அதை ஒட்டி முன்போ பின்போ பகைமை வெளிப்பட்டது, அல்லது பகைமையே காரணம் என்று நிரூபிக்க வேண்டும். "கெட்ட வார்த்தையால் ஏசிவிட்டுத் தள்ளினான்" என்று கூச்சத்தில் சுருக்கினால், நிரூபிக்க இருந்த சான்றும் போய்விடும். ஏசிய சொல்லை, ஏசிய மொழியிலேயே, எழுத்துக்கு எழுத்து சொல்லுங்கள். அது உங்களுக்கு அவமானமில்லை, சொன்னவனுக்குத்தான். தள்ளுவதற்கு முன் சொன்னானா, பின் சொன்னானா, யார் காதில் விழுந்தது என்பதும் முதல் வாக்குமூலத்திலேயே வர வேண்டும். மொழிபெயர்ப்பாளரைக் கேட்பது உங்கள் உரிமை, காசு இல்லை. வீட்டுப் பிள்ளையை மொழிபெயர்க்க விடாதீர்கள், பெற்றோருக்கு விழுந்த வசையைப் பிள்ளை மென்மையாக்கிவிடும்.

வழக்குக்கு உள்ள காலக்கெடுவும் இதைப் பொறுத்தே இருக்கிறது. சாதாரணத் தாக்குதலுக்கு உச்சத் தண்டனை 6 மாதச் சிறை, நடந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் வழக்குத் தொடராவிட்டால் அதோடு சரி. இனவெறுப்போடு சேர்ந்த தாக்குதலுக்கு உச்சம் 2 ஆண்டு, அந்தக் கெடுவும் இல்லை. வாக்குமூலத்தில் ஏசிய சொல் பற்றிய அந்த ஒரு வரி விடுபட்டால் வழக்கு முதல் வகைக்குள் விழுந்து, கோப்பு மேசையில் கிடக்கும்போதே கெடு முடிந்துவிடும். இப்படி எத்தனையோ நியாயமான முறைப்பாடுகள் வீணாவதை நினைத்தால் வயிறு எரிகிறது.

ஆபத்து என்றால் 999, மற்றபடி 101 அல்லது இணையம். குற்ற எண்ணை எழுதி வாங்குங்கள். கடைக் கேமராப் பதிவு பல இடங்களில் ஒரு மாதத்துக்குள் அழிந்துவிடும், அன்றைக்கே கடைக்காரரிடம் எடுத்துவைக்கச் சொல்லுங்கள். பேருந்தில் நடந்தால் வழித்தட எண்ணும் நேரமும் வேண்டும்.

சி.பி.எஸ். வழக்கை முழுதாகக் கைவிட்டால் மறுபரிசீலனை கேட்கலாம். 5 வேலை நாளுக்குள் கேட்பது நல்லது, 3 மாதம் வரை இடமுண்டு. ஆனால் இனவெறுப்புப் பகுதியை மட்டும் நீக்கி, சாதாரணக் குற்றச்சாட்டைத் தொடர்ந்தால் அந்த வழி திறக்காது. அதனால் வழக்குப் பதிவாகும் முன்பே, விசாரணை அதிகாரிக்கு மின்னஞ்சல் போட்டு, வெறுப்புக் குற்றம் என்ற குறி கோப்பில் இடப்பட்டதா என்று எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.