நெல்லைப் பிள்ளைகளின் உச்சரிப்பை ஆராயத் தொடங்குமுன்

திருநெல்வேலிப் பக்கத்தில் பிள்ளைகளின் உச்சரிப்புக் குறைபாட்டை ஆராய வரும் முதுநிலை மாணவர்கள், சோதனைப் படங்களைக் கையில் எடுப்பதற்கு முன்பே அந்த ஊர்ப் பெரியவர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்பதைக் காதால் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் வீடொன்றின் திண்ணையில், ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி படத்தைப் பார்த்து 'வாளப்பளம்' என்றாள். நான் தாளில் பிழையென்று குறிக்கப் போகையில், மடியிலிருந்த சுளகைவிட்டுக் கண்ணெடுக்காமலே அவளுடைய ஆச்சி, "பிள்ள சரியாத்தான சொல்லுதா" என்றார். ழகரத்தை ளகரமாக ஒலிப்பது தென்மாவட்ட வழக்கு. அதைக் குறைபாட்டுக் கணக்கில் சேர்த்தால் ஊரையே நோயாளியாக்கிவிடுவோம். ஆனால் வீட்டார் எல்லாரும் ளகரத்தையும் லகரத்தையும் பிரித்துச் சொல்ல, அவள் மட்டும் 'வாலப்பலம்' என்றிருந்தால் அது கட்டாயம் குறித்துக்கொள்ள வேண்டிய செய்தி. ஆகவே ஒவ்வொரு பிள்ளையோடும் வீட்டுப் பெரியவர் ஒருவரையும் அதே சொற்களைச் சொல்லச் செய்து, இரண்டையும் பதிவுசெய்து ஒப்பிடுங்கள். லுங்கிப் படத்துக்குப் பிள்ளை 'சாரம்' என்றால் விடை சரிதான். நீங்கள் சோதிக்க நினைத்த ஒலி அச்சொல்லில் இல்லையென்றால் மாற்ற வேண்டியது படத்தைத்தான்.

உச்சரிப்புக்கு முன் செவித்திறனைப் பார்த்துவிட வேண்டும். ஒவ்வொரு காதிலும் 1000, 2000, 4000 ஹெர்ட்ஸ் ஒலிகளை 20 டெசிபல் அளவில் கொடுப்பது வழக்கம். சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓடும் தெருவில் இது நடக்காது. நல்ல செவித்திறன் உள்ள உங்கள் உதவியாளருக்கே அந்த ஒலிகள் கேட்கவில்லையென்றால் அறையை மாற்றிவிடுங்கள். குடும்பத்தில் காது கேளாதவர் உண்டா என்று நேரடியாகக் கேட்டால் பலர் வாய் திறக்க மாட்டார்கள். பாளையங்கோட்டை காது கேளாதோர் பள்ளியில் உறவில் யாராவது படித்தார்களா என்று கேட்டால் பேச்சு தானாக வரும். சொந்தத்தில் திருமணமா என்ற கேள்வியையும் அப்போதே குற்றஞ்சாட்டும் தொனியின்றிக் கேட்டுவிடலாம்.

இவை எல்லாவற்றுக்கும் முன்பாக நெறிமுறைக் குழுவின் அனுமதி கையில் இருக்க வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு வழிகாட்டுதல்படி பெற்றோரின் ஒப்புதலோடு, ஏழு வயது நிரம்பிய பிள்ளையின் இசைவும் தேவை. படிவத்தை நீட்டிக் கையெழுத்து வாங்காமல், வாசித்துக் காட்டி, அவர்கள் புரிந்துகொண்டதைத் திருப்பிச் சொல்லச் செய்யுங்கள். பீடிக்கு எண்ணிக்கைப்படிதான் கூலி என்பதால், உங்களுக்காகத் தாய் ஒதுக்கும் ஒரு மணி நேரம் அவருக்கு வருமான இழப்பு. அதற்கு ஈடுகட்டும் தொகையைத் திட்ட வரவுசெலவிலேயே சேர்த்துவிடுங்கள். சிகிச்சை முறையொன்றைச் சோதிப்பதாயிருந்தால், முதல் பிள்ளையைச் சேர்க்குமுன்பே இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிய வேண்டும்.

பதிவுகளில் ஐந்தில் ஒரு பங்கையாவது, உங்கள் மதிப்பெண்ணைப் பார்க்காத இன்னொருவர் தனியே கேட்டு மதிப்பிட வேண்டும். அவர் நெல்லைப் பேச்சில் வளர்ந்தவராக இருப்பது நல்லது. காதில் சீழ் வடியும் பிள்ளையைக் கண்டால் ஆய்வு முடியக் காத்திராமல், அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவருக்குச் சீட்டு எழுதித் தாயின் கையில் கொடுத்துவிடுங்கள்.