‘மருந்து வச்சிட்டாங்க’ என்று ஒருவர் சொன்னால் என்ன செய்வது?

ராசிபுரம் பக்கம் ஒரு சின்ன ஊரில் 34 வருஷம் மருந்துக் கடை வைத்திருந்தேன். சீட்டை நீட்டி மாத்திரை வாங்கிய பிறகும், கடை காலியாகட்டும் என்று ஓரமாக நிற்பவர்கள் உண்டு. கூட்டம் கலைந்ததும் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள்: “அண்ணே, இது மாத்திரைக்குக் கேக்குற சீக்குதானா, இல்ல யாராச்சும் எதாச்சும் செஞ்சிருப்பாங்களா?”

ஆரம்பத்தில் சிரித்துவிடுவேன். சிரித்தால் ஆள் திரும்ப வருவதில்லை, நேராக மந்திரவாதி வீட்டுக்குப் போய்விடுவார். இதைப் புரிந்துகொள்ளவே எனக்குச் சில வருஷம் ஆனது. உங்கள் வீட்டிலோ தெருவிலோ இப்படி ஒரு பேச்சு வந்தால் எப்படிக் கையாள்வது என்று, நான் செய்த தப்புகளையும் சேர்த்தே எழுதுகிறேன்.

எந்தச் சொல்லைச் சொல்கிறார் என்று கவனியுங்கள்

எல்லாவற்றையும் ‘மூடநம்பிக்கை’ என்று ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள். திருஷ்டி என்றால் உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டதோடு முடிந்தது. பேய் என்றால் பழி செத்துப்போனவர் மேல் விழுகிறது. இந்த இரண்டிலும் உயிரோடு இருக்கிற யாருக்கும் பெரிதாகக் கேடு வராது (பேயோட்டுகிறேன் என்று அடிக்காதவரை). இடுமருந்து அப்படி இல்லை. சோற்றிலோ பலகாரத்திலோ கலந்து கொடுத்துவிட்டார்கள் என்றால், பரிமாறிய கை ஒன்று இருக்கிறது. செய்வினை, ஏவல், பில்லி, சூனியம் என்று வந்தால் காசு கொடுத்துச் செய்யச் சொன்னவர் ஒருவர் இருக்க வேண்டும். ஊருக்கு ஊர் இந்தச் சொற்களின் பொருள் கொஞ்சம் மாறும். ஆனால் இவற்றில் ஒன்று வாயில் வந்துவிட்டால், அடுத்து வரப்போவது ஒரு பெயர்.

சூனியம் என்ற சொல்லுக்கு நேர்ப்பொருள் வெறுமை, பூஜ்யம். செய்வினை என்பதையோ நாம் எட்டாம் வகுப்பு இலக்கணத்தில்தான் முதலில் படித்தோம். எழுவாய் இல்லாமல் செய்வினை வாக்கியம் நிற்காது என்று தமிழய்யா சொல்வார். ஊர்ச் செய்வினையும் அதே கதைதான். ‘மாடு செத்தது’, ‘கரு கலைந்தது’ என்பதோடு மனசு நிற்பதில்லை, ஓர் எழுவாயைத் தேடுகிறது.

இந்தத் தேடல் நமக்கு மட்டும் உள்ளதல்ல. எவன்ஸ்-பிரிட்சர்ட் என்ற ஆங்கிலேய மானிடவியலாளர் 1920களில் சூடானின் தெற்கே அசாண்டே மக்களோடு தங்கி இதை ஆராய்ந்தார். அங்கே தானியக் குதிர்களைக் கால் நட்டு உயரத்தில் கட்டுவார்கள், வெயில் நேரத்தில் ஆட்கள் அடியில் உட்கார்ந்திருப்பார்கள். காலைக் கரையான் அரித்தால் குதிர் ஒருநாள் சரியும். கரையான்தான் காரணம் என்று அவர்களுக்கும் நன்றாகத் தெரியும். ஆனால் நான் உட்கார்ந்திருந்த அந்த நேரத்தில் அது ஏன் சரிய வேண்டும்? இந்தக் கேள்விக்குத்தான் அவர்கள் சூனியம் என்று பதில் சொன்னார்கள். என் கடைக்கு வந்தவர்களும் இதையேதான் கேட்டார்கள். சர்க்கரை நோய் எப்படி வருகிறது என்று நான் விளக்குவேன். ‘எனக்கு எதுக்கு வந்துச்சு’ என்று அவர்கள் கேட்பார்கள். இரண்டும் வேறு வேறு கேள்வி என்று புரிந்த பிறகுதான் எனக்குப் பொறுமை வந்தது.

அப்புறம் உடம்பு

எங்கள் வீட்டுக் கதையைச் சொன்னால்தான் இது விளங்கும். 1978 தீபாவளி. அப்பாவும் சித்தப்பாவும் கிணற்றுப் பங்கில் முறைத்துக்கொண்டிருந்த நேரம். இருந்தாலும் பண்டிகையாயிற்றே என்று அம்மா சித்தி வீட்டில் வடையும் அதிரசமும் சாப்பிட்டாள். அன்று ராத்திரி வலது விலாவுக்குக் கீழே ஆளைச் சுருட்டிப் போடுகிற வலி, வாந்தி. பொங்கலுக்குச் சித்தி கொடுத்தனுப்பிய பலகாரத்தைத் தின்றபோதும் அதே வலி. பக்கத்து ஊரில் மருந்து எடுக்கிற ஒரு அம்மாவிடம் கூட்டிப் போனார்கள். நானும் போனேன், எனக்கு 18 வயசு. தொப்புளில் குழாயை வைத்து உறிஞ்சி, வெற்றிலையில் துப்பினார். கறுப்பாக ஒரு முடிச் சுருள். “பங்காளி வீட்டுப் பொம்பள கை” என்றார். 11 வருஷம் இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. சித்தப்பா மகள் கல்யாணத்துக்குக்கூட நாங்கள் போகவில்லை.

1989இல் சேலத்தில் ஸ்கேன் எடுத்தபோது பித்தப்பை நிறையக் கல். எண்ணெய்ப் பண்டம் வயிற்றுக்குள் போனதும் பித்தப்பை சுருங்கும், கல் வழியை அடைக்கும், வலிக்கும். எங்கள் வீட்டில் அன்றாடம் களியும் கீரையும்தான். எண்ணெய்ச் சட்டி பெரிதாக ஏறியது பண்டிகைக்குப் பண்டிகை, சித்தி வீட்டில். வலி பொய்யில்லை, சித்தி வீட்டுப் பலகாரத்துக்குப் பிறகு வந்தது என்பதும் பொய்யில்லை. வடையில் மருந்து இருந்தது என்பது மட்டும்தான் பொய்.

அதனால் நான் செய்வது இது. ‘சூனியமெல்லாம் கிடையாது’ என்று தொடங்க மாட்டேன். எப்போதிலிருந்து, எதைச் சாப்பிட்ட பிறகு, எடை குறைகிறதா, சாயந்திரம் காய்ச்சலும் இருமலும் உண்டா, தூக்கம் எப்படி என்று கேட்பேன். ஆள் உருகிக்கொண்டே போகிறார் என்றால் காசநோய், சர்க்கரை, தைராய்டு மூன்றையும் முதலில் பார்க்கச் சொல்வேன். காசநோய்க்கு அரசு மருத்துவமனையில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். பிள்ளை பெற்ற சில நாளில் ஒரு பெண் சம்பந்தமில்லாமல் பேசுகிறாள், குழந்தையைப் பார்த்துப் பயப்படுகிறாள் என்றால் ஒரு நாள்கூடத் தள்ளக்கூடாது, அது அவசர மருத்துவம். ராத்திரி மார்மேல் ஏறி யாரோ அமுக்குகிறார்கள், கை கால் அசையவில்லை என்பது உறக்கமும் விழிப்பும் பின்னிக்கொள்கிற ஒரு நிலை. பயமாக இருக்கும், ஆபத்து பெரும்பாலும் இல்லை. யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால் தமிழ்நாட்டில் 104, மனநலத்துக்கு 14416.

கோயிலுக்குப் போக வேண்டும், திருநீறு போட வேண்டும் என்றால் போகட்டும். நான் தடுத்ததில்லை. மாத்திரையை நிறுத்தக்கூடாது, அடிக்கக்கூடாது, கட்டிப்போடக்கூடாது என்று மட்டும் சொல்லி அனுப்புவேன். ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியாமல் மனநோயாளிகள் 28 பேர் இறந்தார்கள். அந்தச் செய்தித்தாளைக் கடையில் வெகுநாள் வைத்திருந்தேன்.

வித்தையைக் காட்டுங்கள்

ஆயிரம் வார்த்தை பேசுவதைவிட ஒரு தட்டு ஆரத்தி போதும். மஞ்சள் நீரில் சுண்ணாம்பு கலந்தால் ரத்தச் சிவப்பாகும் என்பது நம் வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் தெரியும். அதே சிவப்பு மந்திரவாதியின் கலசத்தில் தெரிந்தால் மட்டும் ஏன் நடுங்க வேண்டும்? செம்பருத்தி இதழைத் தேய்த்துக் காயவைத்த கத்தியில் எலுமிச்சையை அறுத்தால் பழம் சிவக்கும். தேங்காய் நாருக்குள் சோடியம் துண்டை ஒளித்து வைத்துத் தண்ணீர் தெளித்தால் தீப்பிடிக்கும் (இதை வீட்டில் செய்யாதீர்கள், கண் போய்விடும்). மண்ணுக்குள்ளிருந்து எடுக்கும் தகடு, பெரும்பாலும் எடுப்பவரின் கையிலிருந்தே மண்ணுக்குள் போகிறது. முடிச் சுருளோ, உறிஞ்சுவதற்கு முன்பே கன்னத்தில் அடங்கியிருப்பது. கோவை போத்தனூரில் இருந்த பிரேமானந்த் இந்த மாதிரி வித்தைகளை ஊர் ஊராகச் செய்து காட்டி, அமானுஷ்ய சக்தியை நிரூபித்தால் ஒரு லட்சம் ரூபாய் என்று சவாலும் விட்டிருந்தார். 2009இல் இறக்கும்வரை அந்தப் பணத்தை யாரும் வாங்கவில்லை.

ஆனால் நேரம் பார்த்துச் செய்யுங்கள். நோயாளி வலியில் துடிக்கும்போது வித்தையை உடைத்துக் காட்டினால் நம்மை எதிரிக் கட்சியில் சேர்த்துவிடுவார்.

பெயர் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள்

‘யார் செய்தார்கள் என்று கண்ணாடியில் காட்டுகிறேன், வெற்றிலையில் மை போட்டுக் காட்டுகிறேன்’ என்று ஒருவர் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். உடம்புக்குக் குறி கேட்டவர்கூடத் திரும்பி வரலாம். ஒரு பெயரைக் கேட்டுவிட்டு வந்தவர் பழைய ஆளாகத் திரும்புவதில்லை.

அந்தப் பெயர் யாருடையதாக இருக்கும் என்று என்னால் முன்கூட்டியே சொல்ல முடியும். தனியாக இருக்கும் பெண், பெரும்பாலும் வயதானவள், ஒரு துண்டு நிலமோ ஒரு பழைய சண்டையோ இருக்கும். ஜார்க்கண்டில் சுட்னி மஹதோ என்பவரை 1995இல் டாயின், அதாவது சூனியக்காரி என்று முத்திரை குத்தி அடித்து ஊரைவிட்டு விரட்டினார்கள். அவர் பிறகு அதே மாதிரி விரட்டப்பட்ட பெண்களுக்குத் துணை நின்றார். 2021இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். பீகார் 1999இலும் ஜார்க்கண்ட் 2001இலும், ஒரு பெண்ணை டாயின் என்று சொல்வதையே குற்றமாக்கிச் சட்டம் போட்டன. உங்கள் தெருவில் யாரையாவது இப்படி மிரட்டினால் பெண்கள் உதவி எண் 181க்கோ காவல்துறைக்கோ சொல்லுங்கள். மந்திரத்தால் நோய் தீர்க்கிறேன் என்று விளம்பரம் செய்வதும் 1954ஆம் வருஷச் சட்டப்படி குற்றம். மருந்துக் கடைக்காரனுக்கு இது மனப்பாடம்.

பேரன் கேட்ட கேள்வி

மகள் குடும்பம் ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் பக்கம் இருக்கிறது. ஒரு பிப்ரவரியில் போயிருந்தேன். அங்கே ஃபாஸ்நெட் என்று ஒரு திருவிழா, கோர மூக்கு வைத்த மரமுகமூடியோடு துடைப்பமும் கையுமாக ‘சூனியக்காரிகள்’ ஊர்வலம் வருகிறார்கள். பேரன் கேட்டான்: “தாத்தா, நிஜச் சூனியக்காரிய எல்லாம் எரிச்சிட்டாங்களா?”

அவனுக்காகப் படித்ததில் நான் நினைத்திருந்த பல விஷயம் தப்பு என்று தெரிந்தது. ஐரோப்பாவின் சூனியக்காரி வேட்டை இருண்ட இடைக்காலத்தில் நடந்தது என்று நினைத்திருந்தேன். ஆனால் வேட்டை உச்சத்தில் இருந்தது 1560க்கும் 1650க்கும் நடுவில், அச்சகமும் பல்கலைக்கழகமும் வந்த பிறகு. லட்சக்கணக்கில் கொன்றார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். சுமார் மூன்று நூற்றாண்டில் 40,000 முதல் 60,000 பேர் என்பது ஆராய்ச்சியாளர்களின் கணக்கு. நாலில் மூன்று பங்கு பெண்கள்தான், ஆனால் ஐஸ்லாந்தில் கொல்லப்பட்டவர்கள் பெரும்பாலும் ஆண்கள். எல்லோரையும் எரிக்கவும் இல்லை. இங்கிலாந்தில் தூக்கு. அமெரிக்காவின் சேலத்திலும் (நம் சேலத்துக்கும் அதற்கும் பெயர்தான் ஒற்றுமை) 1692இல் தூக்கிலிட்டது 19 பேரை, அதில் 5 பேர் ஆண்கள். இன்னொரு கிழவரைக் கல்லை ஏற்றி நசுக்கிக் கொன்றார்கள். தீயில் ஒருவர்கூட இல்லை. இன்று தங்களைத் தாங்களே ‘சூனியக்காரி’ என்று அழைத்துக்கொள்பவர்கள் மேல்நாட்டில் இருக்கிறார்கள், விக்கா என்று ஒரு மதம். சாத்தானை வணங்குபவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள், அவர்கள் சாத்தானை நம்புவதே இல்லை. அது 20ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் தோன்றியது. அன்று செத்தவர்களுக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை.

மகள் வீட்டிலிருந்து லியோன்பெர்க் கொஞ்ச தூரம்தான். கோள்கள் நீள்வட்டத்தில் சுற்றுகின்றன என்று கண்டுபிடித்த கெப்ளரின் அம்மா கத்தரினா அங்கேதான் இருந்தார். கணவர் சண்டைக்குக் கூலிப் படையில் போனவர், திரும்பவில்லை. கத்தரினாவுக்கு மூலிகை தெரியும், வாயும் கொஞ்சம் நீளம். 1615இல், கண்ணாடி வேலை செய்பவரின் மனைவி ஊர்சுலா, ‘இந்தக் கிழவி கொடுத்த பானத்தைக் குடித்ததிலிருந்துதான் எனக்கு உடம்பு கெட்டது’ என்றாள். அதைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன். எங்கள் சித்தி வீட்டு வடை!

1620இல் கத்தரினாவைச் சிறையில் போட்டார்கள். 14 மாதம் சங்கிலி. எழுபதைத் தாண்டிய கிழவிக்குச் சித்திரவதைக் கருவிகளைக் காட்டி மிரட்டினார்கள், அவர் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. மகன் வேலையை விட்டுவிட்டு வந்து, வாதத்தைப் பக்கம் பக்கமாக எழுதினார். அம்மா மேல் சொன்ன ஒவ்வொரு நோயாக எடுத்து, இதற்கு இயற்கையான காரணம் இது என்று காட்டினார். 1621இல் விடுதலை, அடுத்த ஏப்ரலில் கிழவி இறந்துவிட்டார். நான் கடையில் 34 வருஷமாகத் தட்டுத் தடுமாறிச் செய்ததை அந்த மனிதர் 400 வருஷத்துக்கு முன்பே ஒழுங்காகச் செய்திருக்கிறார்.

கடைசி வேலை, கஷ்டமானது

நோய் என்னவென்று தெரிந்தபின் எல்லோரும் நிம்மதியாகிவிடுவார்கள். பழி சுமந்தவரை மறந்துவிடுவார்கள். ‘இல்லையாமே’ என்று யாராவது போய்ச் சொல்ல வேண்டாமா? பழியைத் தெருவறியச் சொன்னது போல, இல்லை என்பதையும் தெருவறியச் சொல்ல வேண்டும். அதற்குப் பேச்சு போதாது. அவர் வீட்டில் கை நனைக்க வேண்டும், நாலு பேர் பார்க்க.

அறுவை முடிந்து அம்மா தேறிய பிறகு வந்த தீபாவளிக்கு நான் சித்தி வீட்டுக்குக் கூட்டிப் போனேன். திண்ணையில் தெருவைப் பார்த்து உட்கார வைத்தேன். சித்தி ஒரு தட்டு அதிரசம் கொண்டுவந்தாள். ஒவ்வொன்றையும் பிட்டு, ஒரு பாதியைத் தான் தின்றுவிட்டு மறுபாதியை அம்மாவிடம் நீட்டினாள். மூன்றாவதை வாங்கும்போது அம்மா சொன்னாள்:

“பாகு கொஞ்சம் முத்திப்போச்சு, பாப்பா.”

“உனக்குப் பயந்து பயந்து கிண்டுனேன், முத்தாம என்ன செய்யும்” என்றாள் சித்தி.