கெர்னல் மாட்யூல் எங்கே உட்காருகிறது, எதை விட்டுவிட்டுப் போகிறது?

லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலில் ஒரு மாட்யூலை (ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலோடு சேர்க்கக்கூடிய நிரல் துண்டு) ஏற்றினால் நினைவகத்தில் அது எங்கே இடம் பிடிக்கிறது? இறக்கினால் அந்த இடம் என்ன ஆகிறது? கையோடு செய்து பார்த்துவிடலாம். மெய்நிகர் கணினியில் மட்டும் செய்யுங்கள். கெர்னலுக்குள் தப்பு நடந்தால் மொத்தக் கணினியும் படுத்துவிடும்.

படி 1: டெர்மினலில் எல்எஸ்மாட் (lsmod) கட்டளையைக் கொடுங்கள்; ஏற்றியிருக்கும் மாட்யூல்களின் பட்டியல் வரும். மாட்யூலின் பெயருக்கு அடுத்து இருப்பது அது பிடித்திருக்கும் பைட் கணக்கு. பக்கம் (நினைவகத்தைப் பிரித்துக் கொடுக்கும் அளவு) பக்கமாகத்தான் இடம் கிடைக்கும் என்பதால், எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி வகை) கணினியில் அந்த எண் 4096-இன் மடங்காகவே இருக்கும்.

படி 2: ப்ராக் கோப்பகத்தில் உள்ள மாட்யூல்ஸ் கோப்பை (/proc/modules) ரூட்டாக, அதாவது நிர்வாகி உரிமையோடு, படியுங்கள். ஒவ்வொரு மாட்யூலும் இருக்கும் முகவரி அதில் இருக்கும். சாதாரணப் பயனருக்கு முகவரிக்குப் பதில் வெறும் பூஜ்யம்தான் தெரியும். 64 பிட் எக்ஸ்86-இல் பதினாறடிமான எண்ணாக வரும் எல்லா முகவரியும் எட்டு எஃப்-இல் (ffffffff) தொடங்கும். அது தற்செயல் அல்ல. அங்கே ஃபங்ஷனை அழைக்கும் கால் (call) ஆணையில் தூரத்தைக் குறிக்க 32 பிட்தான் உண்டு; முன்னும் பின்னும் 2 ஜிபிக்கு மேல் எட்டாது. மாட்யூல் கெர்னலின் ஃபங்ஷன்களை நேரடியாக அழைக்க வேண்டுமே! அதனால்தான் கெர்னலை ஒட்டியே அதற்குத் தனிப் பகுதி. முகவரிகள் தொடர்ச்சியாக இருந்தாலும், அடியில் ராம் பக்கங்கள் சிதறிக் கிடக்கலாம். ஒருமுறை மட்டும் ஓடும் தொடக்கக் குறியீட்டின் இடத்தை, வேலை முடிந்ததும் கெர்னலே திரும்ப எடுத்துக்கொள்ளும்.

படி 3: இதுதான் முக்கியம். வழக்கமான ஹலோ வேர்ல்ட் மாட்யூல் ஒன்றை எடுத்து, அதன் தொடக்க ஃபங்ஷனில் விமலாக் (கெர்னலிடம் நினைவகம் கேட்கும் vmalloc ஃபங்ஷன்) மூலம் 64 எம்பி கேளுங்கள். (அதே வேலைக்கான இன்னொரு ஃபங்ஷனான கேமலாக் (kmalloc) வேண்டாம். அது ராமிலும் தொடர்ச்சியான இடம் தேடும். இவ்வளவு பெரிதாகக் கேட்டால் கைவிரித்துவிடும்.) கிடைத்த முகவரியை ஒரு ஸ்டாட்டிக் மாறியில் வையுங்கள். வெளியேறும் ஃபங்ஷனைக் காலியாக விடுங்கள்.

ஃப்ரீ (free) கட்டளையைக் கொடுத்து, காலியாக உள்ள நினைவகத்தின் எண்ணைக் குறித்துக்கொண்டு, இன்ஸ்மாட் (insmod) மூலம் ஏற்றி, ஆர்எம்மாட் (rmmod) மூலம் இறக்குங்கள். மறுபடி ஃப்ரீ. கிட்டத்தட்ட 64 எம்பி குறைந்திருக்கும். மாட்யூல் குடியிருந்த இடத்தைக் கெர்னல் மீட்டுக்கொண்டது. மாட்யூல் தானாகக் கேட்டு வாங்கியதற்கு மட்டும் கணக்கு வைக்கவில்லை. சாதாரண நிரலாக இருந்தால் அது முடியும்போது எல்லாம் தானாகத் திரும்பிவிடும். அந்தப் பழக்கத்தில் வருபவர்கள் முதலில் சறுக்கும் இடம் இது.

படி 4: வெளியேறும் ஃபங்ஷனில் அந்த மாறியை, விமலாக்கில் வாங்கியதைத் திருப்பித் தரும் விஃப்ரீயிடம் (vfree) கொடுத்துவிட்டு, மீண்டும் ஏற்றி இறக்குங்கள். இம்முறை எண் பழையபடி வந்து நிற்கும். முன்பு போன 64 எம்பி? ரீபூட் செய்தால்தான் வரும்.