படகின் அடியில் இருந்த பழைய பெயின்டை நீக்கிய என் அனுபவம்

தொண்டிக் கடலில் ஓடும் எங்கள் சிறிய ஃபைபர் படகை மேலூருக்குக் கொண்டுவந்து, பாசியும் கொட்டலசும் (ஓடுள்ள சிறு கடலுயிர்) ஒட்டாமல் தடுப்பதற்காக அதன் அடியில் அடித்திருந்த பழைய பெயின்டை நீக்கினேன். அதில் செம்புச் சேர்மம் இருப்பதால், உலர்வாகத் தேய்த்தால் எழும் தூசு நுரையீரலுக்குக் கேடு. எனவே முகக்கவசம் அணிந்து, 80 எண் வாட்டர் பேப்பரை (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) தண்ணீரில் நனைத்தே தேய்த்தேன். வழிந்த கசடு ஒரு சொட்டுக்கூடப் பக்கத்துக் கண்மாயில் கலக்கக் கூடாது, அங்கே மீனும் நத்தையும் வாழ்கின்றன என்பதால், முழுவதையும் தார்ப்பாயில் பிடித்துத் தனியே அகற்றினேன்.

நன்கு காய்ந்தபின் பெயின்ட் நன்கு பிடிப்பதற்காக முதலில் பூசும் எபாக்சி பிரைமரை அடித்து, அது விரலில் இலேசாக ஒட்டும் பதத்தில் இருக்கும்போதே புதிய பெயின்டைப் பூசினேன். அந்தப் பதம் தவறினால் பிடிப்பு குறைந்துவிடும். வெயிலில் பெயின்டை இளக்கும் தின்னர் சட்டென ஆவியாகும் என்பதால் விடியற்காலையில்தான் வேலை செய்தேன். அலை அதிகம் உரசும் நீர்மட்டக் கோட்டுக்கு மட்டும் கூடுதலாக ஒரு கோட்டிங் கொடுத்தேன்.